இறைத்திட்டமும் வாழும் நிலமும்

கடவுள் மனிதரை எதற்காகப் படைத்தார், அவர்களிடம் எதை எதிர்பார்க்கிறார் என்னும் வினா கிறிஸ்தவ வாழ்வு தொடங்கிய நாளிலிருந்தே கேட்கப்பட்டு வருகிறது. இதைக் குறிக்கக் கத்தோலிக்கர் 'இறைத்திட்டம்', 'திருவுளம்' என்றும் சீர்திருத்தச் சபையார் 'தேவசித்தம்' என்றும் சொல்லும் கருத்து இரு வேறு பொருள்களில் வழங்கி வருவதால், அவ்விரண்டையும் முதலில் பிரித்துக்கொள்வது தேவையாகிறது. படைப்பு முழுவதையும் கிறிஸ்துவுக்குள் ஒப்புரவாக்கக் கடவுள் கொண்டுள்ள பெருநோக்கம் ஒன்று. எபேசியருக்கும் கொலோசெயருக்கும் எழுதப்பட்ட திருமுகங்கள் பேசுவது பெரும்பாலும் இதைப் பற்றியே. எந்தப் படிப்பு, எந்தத் தொழில், எந்த மணத்துணை, எந்த நாடு என்று ஒவ்வொருவருக்கும் கடவுள் முன்கூட்டியே வகுத்து, ஆனால் மறைத்து வைத்திருப்பதாகக் கருதப்படும் தனித்திட்டம் மற்றொன்று. விவிலியம் மிகுதியாகப் பேசுவது முதலாவதைப் பற்றியே ஆயினும், சபைகளின் அன்றாடப் பேச்சில் மேலோங்கி நிற்பது இரண்டாவதே. உயர்தரப் பரீட்சை முடிவுக்காகக் காத்திருக்கும் மாணவர் தொடங்கி வெளிநாட்டு விசாவுக்காகக் காத்திருக்கும் குடும்பத்தலைவர் வரை பலரும், அந்த மறைந்த திட்டத்தைத் தவறவிட்டுவிடுவோமோ என்ற அச்சத்துடன் வாழ்கின்றனர். இந்த அச்சம் நற்செய்தியிலிருந்து பிறந்ததன்று என்பதும், இறைத்திட்டம் என்பது ஒரு நிலத்துடனும் அதன் மக்களுடனும் தன்னைப் பிணைத்துக்கொள்பவருக்கு, பெரும்பாலும் நடந்த வழியைத் திரும்பிப் பார்க்கையிலேயே, தெளிவாகும் ஒன்று என்பதும் இச்சொற்பொழிவின் கருத்தாகும்.

இக்கருத்தைச் சோதித்துப் பார்ப்பதற்கு எரேமியா நூலின் 29ஆம் அதிகாரத்தைவிடப் பொருத்தமான பகுதி வேறில்லை. டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனையில், விவிலிய வசனம் பொறித்த வாக்குத்தத்த அட்டைகள் வழங்கும் வழக்கமுடைய சபைகளில், தம் மக்களைக் குறித்துக் கடவுள் கொண்டுள்ள எண்ணங்கள் தீமைக்கானவை அல்ல, நல்வாழ்வுக்கானவையே என்று உறுதிகூறும் அந்த அதிகாரத்தின் 11ஆம் வசனம் பெரிதும் விரும்பப்படுகிறது. நாட்காட்டிகளிலும் வீட்டுச் சுவர்களிலும் அது இடம்பெறுகிறது. ஆனால் அவ்வசனம் ஒரு கடிதத்தின் நடுவில் வரும் வாக்கியம். கி.மு. 597இல் எருசலேமிலிருந்து பாபிலோனுக்குச் சிறைப்பிடித்துச் செல்லப்பட்ட மக்களுக்கு எரேமியா எழுதியனுப்பிய கடிதம் அது. இரண்டே ஆண்டுகளில் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று அனனியா என்பவர் முன்னுரைத்திருந்த காலத்தில், மீட்சிக்கு எழுபது ஆண்டுகள் செல்லும் என்று எரேமியா அறிவிக்கிறார். அதாவது, கடிதத்தைக் கையில் வாங்கியவர்களில் பெரும்பாலோர் அந்த வாக்குறுதி நிறைவேறுவதைக் காணாமலே இறக்கப்போகின்றனர். அவர்களுக்கு அவர் தரும் கட்டளையோ மிகவும் எளியது: வீடு கட்டுங்கள், தோட்டம் இடுங்கள், பிள்ளைகளுக்கு மணம் செய்து வையுங்கள், சிறைப்பட்டுச் சென்ற நகரின் நலத்தைத் தேடுங்கள், அதற்காக மன்றாடுங்கள். 11ஆம் வசனத்திலுள்ள 'நீங்கள்' என்பது ஒரு மக்கள் கூட்டத்தை நோக்கியது என்பதையும், அந்த வாக்குறுதி 5, 6, 7ஆம் வசனங்களின் கட்டளைகளிலிருந்து பிரிக்க முடியாதது என்பதையும் மறந்துவிட்டு, அதை ஒரு தனிமனிதரின் அடுத்த ஆண்டு முன்னேற்றத்துக்கான உறுதிச்சீட்டாகப் படிப்பது, கடிதத்தைக் கிழித்து ஒரு வரியை மட்டும் வைத்துக்கொள்வதற்கு ஒப்பாகும்.

இந்தக் கடிதத்தைச் சொந்த அனுபவத்தின் ஒளியில் படிக்கத்தக்க ஊர்களுள் இலங்கையின் கிழக்கிலுள்ள வெல்லாவெளி ஒன்று. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, கதிரவன் மறையும் திசையில் உள்ளதால் படுவான்கரை எனப்படும் நெல்வயல் நிலப்பரப்பில், போரதீவுப்பற்றுப் பிரதேச செயலகப் பிரிவின் நிருவாக மையமாக அமைந்த இவ்வூர், உள்நாட்டுப் போரின் சுமையைப் பலமுறை தாங்கியது. 2007ஆம் ஆண்டின் முற்பகுதியில் படுவான்கரையின் மக்கள் பல்லாயிரக்கணக்கில் வயல்களையும் மாடுகளையும் விட்டு வாவியைக் கடந்து, கிழக்கே உள்ள எழுவான்கரையின் முகாம்களிலும் உறவினர் வீடுகளிலும் தங்கினர். அவ்வாண்டு மே மாதத்தில் மீள்குடியேற்றம் தொடங்கியபோது திரும்பி வந்தவர்கள் செய்தவை, வீடு கட்டுதல், தோட்டம் இடுதல், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புதல் என, எரேமியாவின் கடிதம் குறிப்பிடும் செயல்களாகவே இருந்தன. பெரும்பாலும் சைவ மக்கள் வாழும் இந்நிலத்தில் கிறிஸ்தவர் சிறுதொகையினர். எனவே ஊரின் நலத்தைத் தேடுதல் என்னும் கட்டளை இங்கே தம் சபையாரின் நலத்தை மட்டும் தேடுதல் என்று ஒருபோதும் சுருங்க முடியாது.

இவ்வூர் அடங்கிய மட்டக்களப்பில் ஆங்கிலேயர் காலத்துக் கிறிஸ்தவப் பணியின் தொடக்கமே திட்டங்கள் குலைந்த ஒரு பயணத்தில் நிகழ்ந்தது. ஆசியாவில் மெதடிஸ்தப் பணியைத் தொடங்க வேண்டும் என்று பல ஆண்டுகள் உழைத்து, இளம் ஊழியர் குழுவொன்றைத் திரட்டிக்கொண்டு கப்பலேறிய தோமஸ் கோக், 1814 மே 3ஆம் நாள் நடுக்கடலிலேயே இறந்தார். அக்குழுவினருள் ஒருவரான வில்லியம் ஓல்ட் அதே பயணத்தில் தம் மனைவியையும் இழந்தார். தலைவரும் இன்றி, நிதிக்கான ஏற்பாடும் தெளிவின்றி, 1814 ஜூன் இறுதியில் காலியில் கரையிறங்கிய அவர்கள் தமக்குள் இடங்களைப் பிரித்துக்கொண்டபோது, ஓல்ட் மட்டக்களப்புக்குத் தனியே அனுப்பப்பட்டார். அதன் நகர்ப்பகுதியான புளியந்தீவில் தங்கி, தமிழ் கற்றுக்கொண்டே பள்ளிகளைத் தொடங்கிய அவர், 1815 ஏப்ரல் 1ஆம் நாள் நோயுற்று இறந்தார். அவர் இங்கு வாழ்ந்தது ஓராண்டுகூட இல்லை. இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரி தன் தோற்றத்தை 1814ஆம் ஆண்டின் அத்தொடக்கத்தில் காண்கிறது. கோக்கும் ஓல்டும் தமக்கான திட்டத்தை முழுமையாக அறிந்துகொண்ட பின்னரே புறப்பட வேண்டும் என்று காத்திருந்தால் அவர்கள் இங்கிலாந்தை விட்டுக் கிளம்பியிருக்கவே முடியாது. அறிந்திருந்தாலோ, கிளம்பத் துணிந்திருப்பார்களா என்பது ஐயமே. விடுதலைப் பயணம் 3ஆம் அதிகாரத்தில் மோசே தாம் யார் என்று கேட்டுத் தயங்கும்போது அவருக்குக் கொடுக்கப்படும் அடையாளமும் இத்தகையதே: மக்களை வெளியே அழைத்து வந்த பிறகு இதே மலையில் வழிபடுவீர்கள், அதுவே உன்னை அனுப்பியதற்கு அடையாளம் என்று அவரிடம் சொல்லப்படுகிறது. உறுதி செயலுக்கு முன்னே அன்று, பின்னேதான் வருகிறது; உடன் இருப்பேன் என்ற சொல் மட்டுமே முன்னே தரப்படுகிறது.

ஓல்டின் சில மாதங்களுக்கு எதிர்முனையில் நிற்பது அருட்தந்தை ஹரி மில்லரின் எழுபது ஆண்டுகள். 1925இல் அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் நகரில் பிறந்து, இயேசு சபையில் சேர்ந்து, 1948இல் மட்டக்களப்புக்கு வந்த அவர், 1873இல் தொடங்கிய புனித மிக்கேல் கல்லூரியில் ஆசிரியராகவும் பின்னர் அதிபராகவும் பணியாற்றினார். (சுவாமி விபுலாநந்தர் இளமையில் கல்வி பயின்ற கல்லூரியும் இதுவே; அவரது தமிழ்ப்பணியிலும் துறவிலும் கிறிஸ்தவப் பள்ளியொன்றின் உழைப்பு ஒரு பங்காகக் கலந்திருக்கிறது என்பது, இறைவன் எவரையெல்லாம் எதற்கெல்லாம் பயன்படுத்துகிறார் என்பதைச் சபையின் எல்லைகளுக்குள் அளந்துவிட முடியாது என்பதற்குச் சான்று.) மில்லர் கற்பிக்கவே வந்தார். ஆனால் 1980களிலும் 1990இலும் மட்டக்களப்பில் மனிதர்கள் காணாமல் போகத் தொடங்கியபோது, மகனைத் தேடி வந்த தாய்மாரின் சொற்களைக் கேட்டு எழுதிவைப்பதும், முகாம்களின் வாசல்களில் நின்று விசாரிப்பதும், சமாதானக் குழுவில் அமர்ந்து பேசுவதும் அவரது பணியாயின. எந்தக் குருமடத்திலும் அவருக்கு இதற்கான பயிற்சி தரப்பட்டதில்லை. கற்பிப்பதற்கான அழைப்பு தவறானது என்பதும் இதன் பொருளன்று. கற்பிக்க வந்தவர் அந்த மக்களோடு இருந்ததனாலேயே இரண்டாவது பணி அவரைத் தேடி வந்தது.

2009இல், முதுமையில், அவர் பிறந்த நகருக்குத் திரும்பினார். அங்கே நீண்ட நாள் தங்காமல் மட்டக்களப்புக்கே மீண்டு வந்து, 2019 ஜனவரி 1ஆம் நாள் இங்கேயே இறந்தார். இயேசு சபையின் நிறுவனரான புனித இஞ்ஞாசியார் வகுத்த 'ஆன்மிகப் பயிற்சிகள்' என்னும் நூலின் துணையுடன், மீண்டு வருவதென்ற இம்முடிவைப் பார்ப்பது பயன் தரும். 1521இல் பம்பலோனா நகர முற்றுகையில் காலில் காயமடைந்து படுக்கையில் கிடந்த இஞ்ஞாசியார், போர்ப்புகழ் பற்றிய கற்பனைகள் அப்போதைக்கு இனித்துப் பின்னர் வெறுமையைத் தருவதையும், புனிதரைப் போல் வாழ்வது பற்றிய எண்ணங்கள் நினைத்து முடித்த பின்னும் மகிழ்ச்சியை விட்டுச்செல்வதையும் கவனித்தார். இக்கவனிப்பிலிருந்து எழுந்ததே 'தேர்ந்து தெளிதல்' என்னும் முறை. உள்ளத்தின் அசைவுகளை ஆராய்ந்து, எது இறைவனை நோக்கி இழுக்கிறது, எது விலக்குகிறது என்று பகுத்தறிவதை அது குறிக்கும். அதற்கு முன்தேவையாக அவர் வைப்பது 'பற்றின்மை'. வளம், வறுமை, உடல்நலம், நோய், நெடிய ஆயுள், குறுகிய ஆயுள் ஆகியவற்றுள் எதனையும் அதனதன் பொருட்டே விரும்பாமல், எது படைத்தவரின் நோக்கத்துக்கு உதவுமோ அதையே நாடும் உள விடுதலை அது. ஓல்டுக்குக் குறுகிய ஆயுளும் மில்லருக்கு நெடிய ஆயுளும் வாய்த்தன. நிறைவேறிய நோக்கத்தின் அளவைக் காலத்தால் கணிப்பது இந்த அளவுகோலின்படி பொருளற்றது.

இஞ்ஞாசியார் மேலும் சில கட்டுப்பாடுகளை விதிக்கிறார். அவை இன்று பெரிதும் மறக்கப்பட்டுள்ளமையால் எடுத்துரைக்கத்தக்கவை. தீமை தெளிவாகத் தெரிகின்ற ஒன்று தேர்ந்து தெளிதலுக்குரிய பொருளே ஆகாது; நல்லவை இரண்டுக்கிடையே மட்டுமே தேர்வு உண்டு. முன்பே செய்துகொண்ட மாறாத உடன்பாடுகளை, எடுத்துக்காட்டாகத் திருமணத்தை, 'வேறு அழைப்பு வந்தது' என்று கூறி மீற இயலாது. உள்ளம் வறட்சியுற்றுச் சோர்ந்திருக்கும் வேளையில், முன்னர் தெளிவுடன் எடுத்த முடிவை மாற்றக் கூடாது. ஐயத்துக்கு இடமின்றி உள்ளம் ஈர்க்கப்படுதல், ஆறுதலும் வறட்சியும் மாறிமாறி வரும் அனுபவத்தை ஆராய்தல் ஆகிய இரண்டும் வாய்க்காதபோது, அமைதியான வேளையில் அறிவைப் பயன்படுத்தி, முன்பின் அறியாத ஒருவர் இதே நிலையில் அறிவுரை கேட்டால் என்ன சொல்லப்படும் என்றும், இறக்கும் தறுவாயில் எந்த முடிவை எடுத்திருக்க விரும்பப்படும் என்றும் எண்ணிப் பார்க்கச் சொல்கிறார். கனவோ காட்சியோ குரலோ இன்றி, அறிவும் மனச்சான்றும் கொண்டு எடுக்கும் முடிவும் இறைத்திட்டத்துக்குள்ளேயே நிற்கும் என்பதை அவர் ஏற்கிறார். தீர்க்கதரிசனக் கூட்டங்களில் முன்பின் அறியாத போதகர் ஒருவர் தலையில் கைவைத்து, எந்த நாட்டில் வேலை கிடைக்கும் என்று சொல்வதைக் கேட்டுக் கடன் வாங்கும் குடும்பங்களுக்கு இந்த விதிகள் தெரிந்திருந்தால் எத்தனையோ கண்ணீர் தடுக்கப்பட்டிருக்கும்.

இறைத்திட்டம் பற்றிய பேச்சு மிக எளிதில் தவறிப்போகும் இடம் துன்பத்தின் முன்னிலையாகும். மட்டக்களப்புப் பிரஜைகள் குழுவின் தலைவராக இருந்து, கைதானவர்களுக்காகவும் காணாமல் போனவர்களுக்காகவும் குரல் கொடுத்த அருட்தந்தை சந்திரா பெர்னாண்டோ 1988 ஜூன் 6ஆம் நாள் சுட்டுக்கொல்லப்பட்டார். கூடைப்பந்துப் பயிற்சியாளராகக் கிழக்கின் இளைஞர் பலருக்கு அறிமுகமாகி, தொழில்நுட்பக் கல்வியையும் நடத்திவந்த லூசியானாவைச் சேர்ந்த அருட்தந்தை யூஜின் ஹேபியர், 1990 ஆகஸ்ட் 15ஆம் நாள் வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்பை நோக்கி ஓர் இளைஞருடன் ஸ்கூட்டரில் புறப்பட்டார். இருவரும் வந்து சேரவில்லை. 2019 ஏப்ரல் 21ஆம் நாள், உயிர்த்த ஞாயிறன்று, மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தபோது மாண்டவர்களுள் ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகள் பலர் இருந்தனர். இவற்றைக் 'கடவுளின் திட்டம்' என்று சொல்வது பக்தியின் மொழியாகத் தோன்றினும், அது கொலையாளியின் கையைக் கடவுளின் கையாக்கிவிடுகிறது. சீலோவாம் கோபுரம் விழுந்து இறந்த பதினெட்டுப் பேரைப் பற்றித் தாமே எடுத்துப் பேசியபோது, அவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகள் என்ற விளக்கத்தை இயேசு மறுத்தார். உரோமையர் 8:28 எல்லாவற்றிலும் கடவுள் நன்மைக்காகச் செயலாற்றுகிறார் என்று கூறுகிறதேயன்றி, எல்லாவற்றையும் கடவுளே செய்கிறார் என்று கூறவில்லை. பிள்ளையை இழந்த தாயிடம் இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் அந்த வசனத்தை மட்டும் சொல்பவர் அவருக்குப் பெருங்கொடுமை இழைக்கிறார்.

சீயோன் தேவாலயத்தின் முற்றத்தில் அன்று, சுமையுடன் வந்த அந்நியர்மீது ஐயுற்று அவரை உள்ளே விடாது மறித்த சபையார் ஒருவரும் உயிரிழந்தார். அவர் அங்கே வழிபட வந்த குடும்பத்தவர்; உள்ளே நிறைந்திருந்த நூற்றுக்கணக்கானோர் பிழைத்தமைக்கு அவர் மறித்தது காரணமாயிற்று. அவருக்கு அந்தக் காலையில் எந்தத் தனிவெளிப்பாடும் தேவைப்பட்டிருக்காது. வாசலில் நிற்பவர் செய்ய வேண்டியதை அவர் செய்தார். குண்டுவெடிப்பு இறைத்திட்டமன்று, அவர் மறித்து நின்றதில் இறைவனின் நோக்கம் வெளிப்பட்டது. இவ்விரு கூற்றுகளையும் ஒன்றாகப் பற்றிக்கொள்வதிலேயே கிறிஸ்தவ நம்பிக்கையின் வலிமை இருக்கிறது.

இதுவரை சொல்லப்பட்டவை பெரும்பாலும் குருக்களையும் அசாதாரண நாட்களையும் பற்றியவை. அழைப்பு என்பது துறவியருக்கும் குருக்களுக்கும் மட்டுமே உரியது என்ற எண்ணத்தை 16ஆம் நூற்றாண்டில் மார்ட்டின் லூத்தர் எதிர்த்து, உழவரும் தாயும் கைவினைஞரும் தத்தம் பணியில் அயலாருக்குச் செய்யும் தொண்டும் கடவுளின் அழைப்பே என்று கற்பித்தார். வெல்லாவெளியில் இக்கற்பித்தல் பொருள்பெறும் இடம் வயல்வட்டை எனப்படும் வயல் தொகுதி. நவகிரிக் குளத்தின் நீரை நம்பிப் பயிரிடும் வட்டைகளில் நீர்ப்பங்கீட்டைக் கவனிக்க விவசாயிகளால் தெரிவுசெய்யப்படுபவர் வட்டவிதானை. வாய்க்காலின் தலைப்பில் வயலுள்ளவருக்கும் கடைசியில் வயலுள்ளவருக்கும், உறவினருக்கும் பகைவருக்கும், முறை தவறாமல் நீர் விடுவது அவரது கடமை. கிறிஸ்தவர் ஒருவர் அப்பொறுப்பை ஏற்பாராயின், சிறுபோகத்தில் நீர் குறைந்த நாளொன்றில் கடைவயல் விதவையின் பங்கை அவர் காத்துக்கொடுப்பது, மீக்கா இறைவாக்கினர் கேட்கும் நீதியும் இரக்கமும் ஆகும். அது ஞாயிறு ஆராதனையைவிடத் தாழ்ந்ததன்று. எச்சரிக்கை ஒன்றும் இங்கே வேண்டும். எந்த வேலையையும் ஆண்டவருக்கென்று மனமாரச் செய்ய வேண்டும் என்னும் கொலோசெயர் 3ஆம் அதிகார அறிவுரை அடிமைகளை நோக்கியது. அதை அடுத்தே தலைவர்கள் நீதியும் நேர்மையுமாக நடக்க வேண்டும் என்ற கட்டளை வருகிறது. வயற்கூலிக்காரரின் கூலியைக் குறைத்துவிட்டு, உழைப்பே அழைப்பு என்று அவருக்குப் போதிக்கும் உரிமை நிலவுடைமையாளரான எந்தப் போடியாருக்கும் கிடையாது.

மத்திய கிழக்கு நாடுகளுக்கு வீட்டுப் பணிப்பெண்ணாகச் செல்லும் தாயின் முடிவு இன்னும் சிக்கலானது. நுண்கடனை அடைக்கவும் வீட்டைக் கட்டி முடிக்கவும் அவர் செல்கிறார். பிள்ளைகள் பாட்டியிடம் வளர்கின்றனர். 'போவது தேவசித்தமா?' என்று அவர் தனியே மன்றாடிக் கேட்க வேண்டியிருப்பதே சபையின் தோல்வியைக் காட்டுகிறது. இஞ்ஞாசியாரின் விதிப்படி தேர்வு என்பது விடுதலை உள்ளவருக்கே இயலும். கடன்காரர் வாசலில் நிற்கும்போது அவருக்குத் தேர்வே இல்லை. அவர் தேர்ந்தெடுக்கக்கூடிய நிலையை உருவாக்குவது, அதாவது கடனைப் பற்றி வெளிப்படையாகப் பேசுவதும், ஒருவர் சுமையை மற்றவர் பகிர்வதும், சென்றுவிட்டாரெனில் பிள்ளைகளைச் சபையே தாங்குவதும், அவருக்காகத் திட்டத்தை முன்னறிவிப்பதைவிட முந்திய கடமை.

இதற்கான மரபு வெளியிலிருந்து இரவல் வாங்கப்பட வேண்டியதன்று. ஓல்ட் சார்ந்திருந்த மெதடிஸ்த மரபிலேயே இரண்டு வழக்கங்கள் உள்ளன. 1742இல் பிரிஸ்டல் நகரில் ஆலயக் கட்டடக் கடனை அடைக்க, பன்னிருவர் கொண்ட குழுக்களாகச் சபையாரைப் பிரித்து வாரந்தோறும் ஒரு பென்னி திரட்டிய ஏற்பாட்டிலிருந்து 'வகுப்புக் கூட்டம்' தோன்றியது. பணம் கேட்கச் சென்ற தலைவர்கள் வீடுகளின் உண்மை நிலையைக் கண்டு திரும்பியபோது, ஒருவர் வாழ்வை மற்றவர் கேட்டுத் தாங்கும் அமைப்பாக ஜோன் வெஸ்லி அதை மாற்றினார். 1755இல் அவர் தொடங்கிய உடன்படிக்கை ஆராதனை இன்றும் பல மெதடிஸ்த சபைகளில் ஆண்டின் முதல் ஞாயிறுகளில் நடைபெறுகிறது. அதில் விசுவாசி தமக்கு இந்த ஆண்டு என்ன கிடைக்கும் என்று கேட்பதில்லை, எந்தப் பணியிலும் எந்த இடத்திலும், பயன்படுத்தப்பட்டாலும் ஒதுக்கிவைக்கப்பட்டாலும், கடவுளுக்கு உரியவராக இருக்கத் தம்மைக் கையளிக்கிறார். வாக்குத்தத்த அட்டையும் உடன்படிக்கையும் சில நாள் இடைவெளியிலேயே வருகின்றன. முதலாவதற்குக் கிடைக்கும் ஆர்வம் இரண்டாவதற்குக் கிடைப்பதில்லை என்பது வருத்தத்துக்குரியது.

படுவான்கரையின் சிறு சபைகள், கத்தோலிக்கரும் மெதடிஸ்தரும் ஏனையோரும், பெரிய நிதியோ கட்டடமோ இன்றி இன்றே செய்யக்கூடியது ஒன்று உண்டு. உயர்தரப் பரீட்சை எழுதிய இளைஞர், வெளிநாடு செல்ல எண்ணும் தாய், வயலை விற்பதா குத்தகைக்குக் கொடுப்பதா என்று தடுமாறும் முதியவர் என எவராயினும், முடிவெடுக்கும் முன் அவருடன் அமர்ந்து கேட்பதற்கு மூன்று நான்கு பேரை ஒவ்வொரு சபையும் அமர்த்தலாம்: வயதில் மூத்த விவசாயி ஒருவர், ஆசிரியர் ஒருவர், துன்பம் கடந்துவந்த பெண் ஒருவர், போதகரோ குருவோ ஒருவர். அவர்கள் முடிவைச் சொல்பவர்கள் அல்லர். கேட்பவர்கள், கேள்வி எழுப்புபவர்கள், மன்றாடுபவர்கள். எடுக்கும் முடிவால் ஊரில் யாருடைய நலம் கூடுகிறது, யாருடையது குறைகிறது என்பது அவர்கள் கேட்கத் தவறக் கூடாத கேள்வி. அடுத்த ஆண்டு உடன்படிக்கை ஞாயிறன்று அதே குழு முடிவெடுத்தவர்களை மீண்டும் சந்தித்து, நடந்தவற்றை அவர்களோடு சேர்ந்து திரும்பிப் பார்க்க வேண்டும். வெளிநாடு சென்றவரைத் தொலைபேசியில் அழைத்தேனும் கேட்க வேண்டும்.